விலாசம் சரி, வாங்க ஆளில்லை

காரைக்குடிக்கு மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ ஒரே தூரம். எந்தப் பக்கம் போனாலும் 90 கிலோமீட்டர் சுமார். இரண்டில் ஏதோ ஒரு பக்கமிருந்து விடியற்காலை ஐந்தரை, ஆறு மணி வாக்கில் பார்சல் லாரி வந்து நிற்கும். சாக்குகளை இறக்கி, சீல்களை அறுத்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, ஏரியா வாரியாகப் பிரித்து, ரன் ஷீட் (அன்று யார் எதைக் கொண்டுபோகிறார் என்ற பட்டியல்) போட்டு முடிக்க எட்டரை, ஒன்பது ஆகிவிடும். டெலிவரிக்குப் போகிறவர்களே இந்த வேலையையும் செய்யும் ஹப்கள் (பார்சல் பிரித்து அனுப்பும் கிடங்குகள்) உண்டு. பல இடங்களில் அந்த மூன்று மணி நேரத்துக்குத் தனிக்கூலி கிடையாது. கூலிக் கணக்கு தொடங்குவது பார்சல் கைமாறும்போதுதான்.

இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். கொடுத்த பார்சலுக்குக் காசு உண்டு, கொடுக்கப் போய்த் திரும்பி வந்த பார்சலுக்குக் கிடையாது. பெட்ரோல் இரண்டுக்கும் ஒன்றுதான். மாதச் சம்பளமும் பெட்ரோல் படியும் தருகிற இடங்கள் இருந்தாலும், பார்சலுக்கு இத்தனை ரூபாய் என்ற முறைதான் பரவலாக ஓடுகிறது. பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த முறை ஒருவாறு கட்டுப்படியாகும். ஒரே கேட்டில் பத்துப் பார்சல் இறங்கிவிடும். செட்டிநாட்டில் அப்படி ஒரு கேட் கிடைப்பது அபூர்வம். வெயில், பாரம், தூரம் எல்லாம் எந்த ஊரிலும் இருக்கிற கஷ்டங்கள். இந்தப் பக்கத்துக்கென்றே வாய்த்த கஷ்டம், கதவைத் திறக்க ஆள் இல்லாதது.

முதலில் முகவரி. ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது. ஆனால் அது ஒரு தபால் நிலையத்தின் பட்டுவாடா எல்லையைக் காட்டுமே தவிரத் தெருவைக் காட்டாது. 630103 என்று இருந்தால் காணாடுகாத்தான் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். மீதியை லேபிளில் உள்ள எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே "சிவன் கோவில் அருகில்", "ஊருணி மேல்கரை" என்று ஒரு வரி இருக்கும். ஊருக்கு ஒரு சிவன் கோவில், ஒன்றுக்கு இரண்டாக ஊருணி இருக்கிற சீமையில் இதை வைத்து என்ன செய்வது?

அடுத்து பெயர். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பேச்சில் விலாசம் என்றால் முகவரி மட்டும் இல்லை. அப்பன், பாட்டன், முப்பாட்டன் பெயர்களின் முதலெழுத்தைக் கோத்து வைத்த குடும்ப அடையாளத்துக்கும் அதுதான் பெயர். உள்ளூரில் வீட்டைச் சொல்வதே அந்த எழுத்துகளை வைத்துத்தான். கதவு எண்ணைக் கேட்டால் வீட்டுக்காரர்களே யோசிப்பார்கள். ஆர்டர் போடுகிற செயலியோ "முதல் பெயர்" என்றொரு கட்டம் கொடுக்கிறது. அதில் வெறும் மெய்யப்பன் என்றோ சிதம்பரம் என்றோ அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஒரே தெருவில் மூன்று மெய்யப்பன் இருப்பது இங்கே ஆச்சரியமே இல்லை. அடையாளம் காட்டுகிற தலைப்பெழுத்துகள்தான் லேபிளில் விடுபட்டிருக்கும். ஆறு மாதம் அதே ரூட்டில் ஓடியவர் "இது ஊருணிக்கரை வீட்டுக்குத்தான்" என்று போனை எடுக்காமலே சொல்லிவிடுவார். புது ஆளுக்கு அந்த ஒரு பார்சல் அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். ஆள் அடிக்கடி மாறுகிற ஹப்பில் டெலிவரி கெடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. ஊரைப் பற்றிய அந்த அறிவுக்கு எந்தக் கூலிச் சீட்டிலும் ஒரு வரி கிடையாது.

மூன்றாவது, வீட்டின் அமைப்பு. முகப்பு, வளவு (நடுமுற்றப் பகுதி), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டு, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக முடிகிற வீடுகள் இவை. வரைபடத்தில் குத்தியிருக்கும் புள்ளி பெரும்பாலும் கூரையின் நடுவில் விழும். செயலி அதற்குக் கிட்டத்தில் இருக்கிற தெருவைப் பார்த்து வழி சொல்லும். அது பின் தெருவாக இருந்தால் டெலிவரிக்காரர் போய் நிற்பது பூட்டிய பின்கதவின் முன்னால். தட்டினாலும் கேட்காது. வண்டியைத் திருப்பிக்கொண்டு தெருவின் கடைசி வரை போய் வளைந்து முன்பக்கம் வந்தால், "வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில் நீங்கள் இல்லை" என்று செயலி முரண்டு பிடிக்கும். சில நிறுவனங்களின் செயலி, புள்ளியிலிருந்து குறிப்பிட்ட மீட்டருக்குள் இருந்தால்தான் டெலிவரியை ஏற்றுக்கொள்ளும்.

முன்வாசலைக் கண்டுபிடித்தாயிற்று என்றே வைப்போம். ஐந்தாறு படி ஏறித் திண்ணையில் நின்று மணி அடித்தால், உள்ளே தனியாக இருக்கிற வயதான ஆச்சி மூன்றாம் கட்டிலிருந்து கிளம்பி வளவைக் கடந்து வந்து சேர மூன்று நிமிடமாவது ஆகும். வந்த பிறகு நடக்கும் பேச்சு கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இப்படித்தான்:

"ஆச்சி, பார்சல் வந்திருக்கு. ஓடிபி சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் வரலையே தம்பி. மகன்தான் போட்டுருப்பான். அவன் போனுக்குத்தான் வரும்."

"அண்ணன் எங்க இருக்காங்க?"

"அமெரிக்காவுல."

காரைக்குடியில் காலை 11 மணி என்றால் கோடைக்கால நியூயார்க்கில் இரவு ஒன்றரை. மகன் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறார். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கி அனுப்பியவர் அவர்தான்; நல்ல மனசு. ஆனால் அந்த நான்கு இலக்கமோ ஆறு இலக்கமோ அவருடைய போனில் கிடக்கிறது. சிங்கப்பூர், மலேசியா பரவாயில்லை, இரண்டரை மணி நேரம்தான் முன்னே. அங்கே கூட்டத்தில் இருப்பவர் தெரியாத இந்திய எண்ணை எடுப்பாரா என்பது வேறு விஷயம். ஆச்சியின் போனுக்கே ஓடிபி வந்தாலும், கனத்த சுவர்களைத் தாண்டி உள்கட்டுக்குள் சிக்னல் நுழையாமல் செய்தி தாமதமாகும். திண்ணைக்கு வந்து ஒரு நிமிடம் நின்றால்தான் டிங் என்று கேட்கும்.

இதுவும் ஆள் இருக்கிற வீட்டின் கதை. பூட்டிய வீடுகள் தனி. ஒரு பெரிய வீட்டில் பல புள்ளிகளுக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் இங்கே புள்ளி என்பார்கள்) பங்கு இருக்கும். எல்லோரும் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, சாவி ஒரு காவல்காரரிடம் இருக்கும். அவர் நான்கு வீட்டுக்குக் காவல் பார்ப்பவர், எந்த நேரத்தில் எந்த வீட்டில் இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. கல்யாணம், சாமி கும்பிடு என்று பங்காளிகள் ஊருக்கு வருகிற சமயத்துக்கு ஒரு வாரம் முன்பே பார்சல்கள் வரத் தொடங்கிவிடும். வாங்க வேண்டியவர்கள் இன்னும் ரயில் ஏறியிருக்க மாட்டார்கள். தை மாதத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகிற குடும்பங்கள் ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் இருக்காது. போதாக்குறைக்குக் குன்றக்குடி ரோடு முழுக்க நடப்பவர்கள் கூட்டம். மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் கோவில் பால்குடத்தன்று காரைக்குடிக்குள் வண்டியை வெளியே எடுக்காமலிருப்பதே புத்திசாலித்தனம்.

இப்போது கணக்குக்கு வருவோம். பேச்சுக்காக, பார்சலுக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காரைக்குடியில் கிளம்பி கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் காணாடுகாத்தான் போய், பக்கத்துச் சிற்றூர்களையும் சுற்றித் திரும்பினால் 70 கிலோமீட்டர். ரன் ஷீட்டில் 45 பார்சல், கைமாறியது 33 என்றால் வரவு 495 ரூபாய். பாரத்தோடு நின்று நின்று போகும் வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால், லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோலுக்கு 157 ரூபாய். டயர், ஆயில், செயின், பிரேக் தேய்மானத்துக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் 70. கையில் நிற்பது 268 ரூபாய். அதே நாளில், அதே ரூட்டில், 33-க்குப் பதில் 42 கைமாறியிருந்தால் வரவு 630, செலவு அதே 227, மிச்சம் 403. ஒன்பது கதவு திறந்ததற்கும் திறக்காததற்கும் நடுவே கூலி ஒன்றரை மடங்காக மாறுகிறது. அந்த ஒன்பதில் டெலிவரிக்காரரின் தவறு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

நேரக் கணக்கும் இதே மாதிரிதான். ஒன்பதரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு முடித்தால் 540 நிமிடம். 70 கிலோமீட்டரை 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 168 நிமிடம் சாலையிலேயே போய்விடும். சாப்பாடு, டீக்கு 40. மிச்சம் 332 நிமிடத்தை 45 பார்சலுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஓடிபிக்குக் காத்திருக்கும் ஒரு வீடு பன்னிரண்டு நிமிடம் எடுத்தால் இன்னொரு வீட்டின் நேரத்தைத் திருடித்தான் அதைச் சரிக்கட்ட முடியும்.

"போனே பண்ணாமல் 'வீடு பூட்டியிருந்தது' என்று போட்டுவிட்டார்கள்" என்று வாடிக்கையாளர்கள் கொதிப்பது இங்கிருந்துதான் பிறக்கிறது. அது நடக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆறு மணிக்கு மேல் பத்துப் பார்சல் கையில் மிஞ்சினால், எதையும் குறிக்காமல் ஹப்புக்குக் கொண்டுபோனால் முயற்சி செய்யவே இல்லை என்று டீம் லீடர் திட்டுவார். ஏதாவது காரணம் குறித்தே ஆக வேண்டும். செயலியில் இருக்கிற காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: வீடு பூட்டியுள்ளது, போன் எடுக்கவில்லை, வேறு நாள் கேட்டார், வாங்க மறுத்தார். "நேரம் போதவில்லை" என்று ஒன்று இருக்காது. உண்மையைக் குறிக்க இடமில்லாத இடத்தில் பொய் குறிக்கப்படுகிறது. தப்பு தப்புதான், ஆனால் அதில் பாதி, காரணப் பட்டியலைத் தயாரித்தவர் மேசையில் நடந்தது.

பணம் வாங்கும் பார்சல்களில் வேறொரு தலைவலி. பில் 487 ரூபாய், நீட்டுவது 500. பதின்மூன்று ரூபாய் சில்லறைக்குப் பத்து வீட்டில் நின்றால் நாள் முடிந்தது, அதனால் காலையிலேயே பெட்ரோல் பங்கிலோ டீக்கடையிலோ பத்து, இருபது ரூபாய் நோட்டாக ஐந்நூறு ரூபாய்க்கு மாற்றி வைத்துக்கொள்வார்கள். அந்த ஐந்நூறும் சொந்தக் காசு. கியூஆர் ஸ்கேன் செய்து பணம் கட்டினால் நல்லது என்று தோன்றும். சிக்னல் தொங்கினால் வாடிக்கையாளர் போனில் பணம் கழிந்திருக்கும், டெலிவரிக்காரர் போனில் வந்திருக்காது. பார்சலைக் கொடுத்தால் இரவுக் கணக்கில் துண்டு விழும், கொடுக்காவிட்டால் திண்ணையிலேயே சண்டை. அனுபவப்பட்டவர்கள் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ஒருபோதும் கொடுக்க மாட்டார்கள். தங்கள் செயலியில் பச்சை விழும்வரை பார்சல் கையை விட்டுப் போகாது. மாலையில் பணம் கட்டும்போது நூறு ரூபாய் குறைந்தாலும் அது கூலியில் பிடிக்கப்படும்.

ரிட்டர்ன் எடுப்பது இன்னும் வில்லங்கம். செருப்பின் அளவு, சட்டையின் டேக், நிறம், கறை எல்லாம் பார்த்து, படம் எடுத்து ஏற்ற வேண்டும். பையைப் பிரிக்காமல் வாங்கிவிட்டு, ஹப்பில் திறந்தால் பழைய செருப்பு இருந்தால் விலை டெலிவரிக்காரர் தலையில். ஒரு ரிட்டர்னுக்குப் பத்து நிமிடம் ஆகும், கூலி டெலிவரிக்குக் கிடைப்பதைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகம் இருக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலிருந்து எனாமல் தட்டும் கண்ணாடியும், பலகாரக் கடைகளிலிருந்து தேன்குழலும் மணகோலமும் வெளியூருக்குப் போகின்றன. இந்த பிக்கப்களில் பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, உள்ளே ஆடினால் அங்கேயே இன்னும் இரண்டு கை பழைய பேப்பர் திணிக்கச் சொல்வது நல்லது. சேதத்தில் முதலில் கேள்வி வருவது கடைசியாகத் தொட்டவரிடம்.

வண்டி ஏற்றுவதில் ஒரு கலை இருக்கிறது. கடைசியில் கொடுக்க வேண்டியது அடியில், முதலில் கொடுக்க வேண்டியது மேலே என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது எடையின் இடம். ஐந்து கிலோ மிக்சியும் எண்ணெய் டின்னும் பின் சக்கர அச்சுக்குப் பின்னால் தொங்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும். செம்மண் சரளையில் ஹேண்டில் பிடிக்குள் நிற்காது. கனமானது எப்போதும் சீட்டை ஒட்டி, கீழே. இந்தப் பக்கத்தில் பலர் டிவிஎஸ் எக்ஸ்எல்லை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்: காலடியில் ஒரு சாக்கு வைக்க இடம் உண்டு, பின்சீட்டைக் கழற்றினால் பை படிந்து உட்காரும், பழைய சைக்கிள் டியூபை நீளமாக அறுத்த பட்டையால் இழுத்துக் கட்டினால் அசையாது. அதன் டேங்க் 4 லிட்டர்தான். கிராம ரூட்டுக்குப் போகும்முன் நிரப்பிவிட வேண்டும். மழை பெய்து இளகிய மண்ணில் சைடு ஸ்டாண்டு புதைந்து வண்டி பார்சலோடு சாய்வது தினசரி வைபவம். சட்டைப் பையளவு தட்டைக் கல் ஒன்றைப் பையில் போட்டு வைத்து, ஸ்டாண்டுக்கு அடியில் கொடுப்பவர்கள் விவரமானவர்கள்.

ஒரு நாளைக்கு 70, மாதம் 26 நாள் என்றால் 1,820 கிலோமீட்டர். மூவாயிரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டிய வண்டிக்கு இரண்டு மாதம்கூடத் தாங்காது. பின் டயர் ஆண்டு முடிவதற்குள் வழுக்கையாகிவிடும். முதலில் போவது பின் பிரேக்கும் ஸ்போக்ஸும். பின் டயரில் தனியாளுக்குப் போடும் காற்றையே வைத்துக்கொண்டு நாற்பது கிலோ ஏற்றுவதுதான் ஸ்போக்ஸ் உடைவதற்கும் டியூப் கிழிவதற்கும் பெரும்பாலும் காரணம். பின்னால் ஆள் ஏற்றும்போது போடச் சொல்லும் அளவுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும்.

மே மாதம் கத்திரியில் ஹேண்டிலில் மாட்டிய போன் சுட்டுத் திரை மங்கும், சார்ஜ் ஏறாமல் நிற்கும். வெயில் பட்ட லேபிளில் எழுத்து கறுத்துப் பார்கோடு படிக்காது. நீண்ட எண்ணை விரலால் அடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையும் தீபாவளி ஆஃபரும் ஒரே மாதங்களில் வந்து தொலைப்பது இத்தொழிலின் சாபக்கேடு: பார்சல் இரட்டிப்பாகும்போதுதான் ஊருணி நிரம்பித் தெருவில் ஓடும். ஈரத்திரை சொட்டு நீரையும் விரல் என்று எண்ணிக்கொண்டு தவறான ஓடிபியை அடித்துவிடும். வழியில் கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டி, கல்லடைப்பில் படுத்தவர்கள் எந்த ஹப்பிலும் உண்டு. தெருநாய் கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி இலவசம், அவர்கள் சொல்லும் நாட்களில் ஒன்றையும் தவறவிடக் கூடாது. அந்த நாட்களில் விடுப்புக் கேட்பதுதான் ஊசியைவிட வலிக்கும்.

விபத்து என்று வந்தால் பலருக்கு அப்போதுதான் பாலிசித் தாளின் இரண்டாம் பக்கம் கண்ணில் படுகிறது. வெள்ளை நம்பர் பலகை வண்டிக்கு எடுக்கும் வழக்கமான பாலிசியில், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் காப்பீட்டுக்குள் வராது என்று ஒரு பிரிவு இருக்கும். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம்தான்; ஆனால் டெலிவரிப் பையோடு விழுந்தவருக்கு அந்தப் பிரிவைக் காட்டி இழுத்தடிக்க வாய்ப்பு உண்டு. வேலையில் சேரும்போதே நிறுவனம் விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறதா, அதன் எண் என்ன என்று எழுத்தில் வாங்குவதுதான் வழி. ஒப்பந்ததாரர் சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தால் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் வாங்குபவர் அதற்குள் வருவார். தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, முதலாளி பங்கு 3.25. பிடித்தம் மட்டும் இருந்து எண் இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

சட்டத்தில் இவர்களுக்குப் பெயர் கிடைத்தது அண்மையில்தான். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. செயலி வழி சேவை நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டை, தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காடு என்ற உச்சவரம்புக்குள், நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. தமிழக அரசு 2023 டிசம்பரில் இணையம் சார்ந்த தொழிலாளருக்கெனத் தனி நலவாரியம் அமைத்தது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியமும் அறிவித்தது. நகருக்குள் ஓடுபவருக்கு மின்வண்டி லாபம்தான். காணாடுகாத்தான் ரூட்டில் பாரத்தோடு 70 கிலோமீட்டர் ஓடி, நடுவில் சார்ஜ் போட இடமில்லாமல் திரும்ப முடியுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். சிக்கல் வேறிடத்தில்: பெரிய நிறுவனத்தின் பையைச் சுமந்தாலும் காரைக்குடி, தேவகோட்டைப் பையன்கள் பலர் (முப்பத்தெட்டு வயதானாலும் இவர்கள் "டெலிவரிப் பையன்"தான்) ஒப்பந்ததாரருக்குக் கீழே இருக்கும் உள்ளூர் ஏஜென்ட்டின் ஆட்கள். கையில் நியமனத் தாள் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் சேர்த்ததுதான் நியமனம். தொழிலாளி என்று நிரூபிக்க வேண்டி வந்தால் காட்டுவதற்கு இருப்பது ரன் ஷீட்டும் வங்கியில் விழுந்த கூலியும்தான். அவற்றின் படத்தை மாதாமாதம் எடுத்துச் சேமிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வெளியூரிலிருந்து ஆர்டர் போடுபவர்கள் இரண்டு வரி கூடுதலாக எழுதினால் பாதிச் சிக்கல் தீரும். முகவரியின் இரண்டாம் வரியில் குடும்ப விலாசத்தின் எழுத்துகள், முன்வாசல் எந்தத் தெருவில், எந்த ஊருணிக்கு எந்தப் பக்கம். மாற்று எண்ணாகக் காவல்காரரின் எண். பார்சல் டெலிவரிக்குக் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தவுடன், பொட்டலத்தை வாங்கப்போகிறவருக்கு மட்டும் ஓடிபியை அனுப்பிவிட்டுத் தூங்கலாம். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து கேட்பவருக்குச் சொல்லக் கூடாது. அந்த எச்சரிக்கை சரியானதே. வாசலில் பார்சலோடு நிற்பவர் கேட்பது வேறு.

மாலை ஏழரைக்கு ஹப்பில் மிச்சப் பார்சல்கள் மீண்டும் ஸ்கேன் ஆகும். வழக்கமாக மூன்று முறை முயன்றும் கொடுக்க முடியாதது தனிச் சாக்கில் விழுந்து, சீல் போட்டு, வந்த லாரியிலேயே மதுரைக்கோ திருச்சிக்கோ ஏறும். இரண்டாம் முயற்சி முடிந்தவை அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போகும். ரத்த அழுத்தக் கருவி அங்கேதான் இருக்கிறது. நாளைக் காலை பை கட்டும்போது அதை மேலாக வைக்க வேண்டும், முதல் நடையிலேயே போனால் நியூயார்க்கில் பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.